கரியமிலவாயுவும் நம் வீட்டு மின்கட்டணமும்

முன்னுரை

அடுப்பெரியாத வீடில்லை, விளக்கெரியாத தெருவில்லை. சமைக்கவும் படிக்கவும் படகு ஓட்டவும் மீனுக்கு ஐஸ் கட்டி செய்யவும் நமக்கு எரிபொருளோ மின்சாரமோ தேவைப்படுகிறது. அவற்றிற்காக நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கும்போது கண்ணுக்குப் புலப்படாத கரியமிலவாயு வானில் சேர்கிறது. அது பூமியைப் போர்வைபோல் மூடி வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கிறது என்பதை நாம் அனைவரும் பாடத்தில் படித்திருக்கிறோம்.

அந்த வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்து அடக்கிவிட்டால் என்ன என்று அறிவியலார் கேட்டனர். பிடிக்க முடியும் என்பதற்குத் தூத்துக்குடியே சான்று. ஆனால் பிடிப்பதற்குப் பணம் வேண்டுமே! அப்பணத்தைத் தர வேண்டியவர் யார்? ஆலையா, அரசா, அல்லது இரு மாதத்திற்கு ஒரு முறை மின்கட்டணம் செலுத்தும் நம் தாய் தந்தையரா? பத்தாம் வகுப்பில் கற்ற வேதியியலையும் கணக்கையும் துணையாகக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண நாங்கள் முயன்றுள்ளோம்.

புகையின் எடை

கரியின் அணு எடை 12. ஆக்ஸிஜனின் அணு எடை 16. ஒரு கரி அணுவோடு இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் சேர்ந்தால் 12ம் 32ம் கூடி 44 ஆகிறது. அதாவது 12 கிலோ கரி முழுவதும் எரிந்தால் 44 கிலோ கரியமிலவாயு உண்டாகிறது. எரித்த பொருளைவிட எழுந்த புகையின் எடை மிகுதி என்பது வியப்பாகத் தோன்றும். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் அதனோடு சேர்ந்துகொள்வதே காரணம்.

நம் வீட்டுச் சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. அது தீரும்போது ஏறக்குறைய 42 கிலோ கரியமிலவாயு காற்றில் கலந்திருக்கும். மின்சாரத்திற்கும் இவ்வாறே கணக்கு உண்டு. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. நாடு முழுவதையும் சராசரியாக எடுத்துக்கொண்டால் ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. இரு மாதத்தில் 300 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டின் பங்கு ஏறத்தாழ 210 கிலோ. சுவிட்சைத் தட்டுகிற நமக்கு அந்தப் புகை தெரிவதில்லை. எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி நம் பொருட்டுப் புகைந்துகொண்டிருக்கிறது.

பிடிப்பது எப்படி?

சோடாப் புட்டியை நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த சோடாவில் கரியமிலவாயு கரைந்து அடங்கியிருக்கிறது. அதைச் சூடாக்கினால் குமிழிகள் பொங்கி வெளியேறும். கரியமிலவாயுவைப் பிடிக்கும் ஆலையும் ஏறக்குறைய இந்த முறையிலேயே இயங்குகிறது.

முதலில் ஓர் உயர்ந்த கோபுரத்தின் அடியிலிருந்து புகையை மேலே செலுத்துகின்றனர். மேலிருந்து அமீன் வகையைச் சேர்ந்த ஒரு கரைசல் மழைபோல் இறங்குகிறது. அக்கரைசல் புகையிலுள்ள கரியமிலவாயுவை மட்டும் பற்றிக்கொள்ள, மற்ற வாயுக்கள் வெளியே போய்விடுகின்றன. அடுத்து அக்கரைசலை இரண்டாம் கோபுரத்துக்குக் கொண்டுசென்று சூடாக்குகின்றனர். வாயு தனியே பிரிந்து வருகிறது. கரைசல் மீண்டும் முதல் கோபுரத்திற்குத் திரும்புகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரைசலைச் சூடாக்க நீராவி வேண்டும். வாயுவை அழுத்திக் குழாயில் அனுப்ப மின்சாரம் வேண்டும். ஆகவே அனல்மின் நிலையத்தில் இதனை அமைத்தால், அந்நிலையம் உண்டாக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் இப்பணிக்கே செலவாகிவிடும். விற்பதற்கு எஞ்சும் மின்சாரம் குறையும், விலை ஏறும்.

தூத்துக்குடி காட்டிய வழி

தூத்துக்குடி உப்பளங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்டு பெர்ட்டிலைசர்ஸ் என்னும் ஆலை சோடா சாம்பலும் அம்மோனியம் குளோரைடு உரமும் செய்வதற்காக அமைந்தது. உப்பு, அம்மோனியா, நீர், கரியமிலவாயு ஆகிய நான்கும் சேர்ந்தால் முதலில் சமையல் சோடா படிகிறது. அதைச் சூடாக்கினால் சோடா சாம்பல் கிடைக்கிறது. கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் அது இன்றியமையாத பொருள். ஆகவே அந்த ஆலைக்குக் கரியமிலவாயு ஒரு கழிவன்று, மூலப்பொருள்.

2016ஆம் ஆண்டில் அவ்வாலையின் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்தே அவ்வாயுவைப் பிடிக்கும் அமைப்பு நிறுவப்பட்டது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது அதன் திட்டம். இதற்கான புதிய கரைசலை உருவாக்கியது கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ் என்னும் நிறுவனம். அதனைத் தொடங்கியவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பும்ப் என்னும் இரு இளைஞர்கள். அரசின் மானியம் ஏதுமின்றி இது நடந்தது என்பதால் உலகச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின. ஒரு டன் வாயுவைப் பிடிக்க ஏறத்தாழ 30 டாலர் போதும் என்று அந்நிறுவனத்தார் கூறினர். மற்ற இடங்களில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு செலவாயிற்று. பெருமைக்குரிய செய்தி அல்லவா?

ஆயினும் அளவையும் நாம் பார்க்க வேண்டும். அதே ஊரிலுள்ள அனல்மின் நிலையம் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளாக, மொத்தம் 1050 மெகாவாட் திறனுடன் கட்டப்பட்டது. அது முழு அளவில் ஒரு நாள் ஓடினால் 2 கோடியே 52 லட்சம் யூனிட் மின்சாரம் தரும். நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 0.9 கிலோ என்று கொண்டால், நாளொன்றுக்கு 22,000 டன்னுக்கு மேல் கரியமிலவாயு வெளியாகும். சோடா ஆலை ஓராண்டு முழுதும் பிடிப்பதை இது மூன்றே நாளில் வெளியிட்டுவிடும்!

ஆப்பச் சோடாவின் பாடம்

இன்னொரு கேள்வியும் எழுகிறது. பிடித்த வாயு எத்தனை நாள் பிடிபட்டே இருக்கும்? ஆப்ப மாவில் ஒரு சிட்டிகைச் சமையல் சோடா இடுகிறோம். சூடு பட்டவுடன் ஆப்பம் உப்பி வருகிறது. அதை உப்பச் செய்வது எது? சோடாவினுள் அடங்கியிருந்த கரியமிலவாயுதான். சோடா சாம்பலை மணலுடன் உருக்கிக் கண்ணாடி செய்யும்போதும் அவ்வாயு மீண்டும் வெளியேறிவிடுகிறது.

எனவே, பிடித்த வாயுவைப் பொருளாக்கி விற்பது வேறு. என்றென்றைக்கும் அடக்கி வைப்பது வேறு. முன்னது அதே வாயுவை இன்னொரு முறை பயன்படுத்துகிறது; அதனால் புதிதாக எரிப்பது சிறிது குறையலாம். பின்னதற்கு நிலத்தினடியில் ஆழத்தில் தகுந்த பாறை அடுக்குகள் வேண்டும். நார்வே நாட்டில் ஸ்லைப்னர் என்னுமிடத்தில் 1996 முதல் கடலடிப் பாறைக்குள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் செலுத்தி வந்துள்ளனர். அந்நாட்டு அரசு 1991இல் கரியமிலவாயுவுக்கு வரி விதித்ததே அதற்குத் தூண்டுகோல். வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவாயிற்று.

எங்கள் கணக்கு

இனி மின்கட்டணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. இரு மாதத்தில் 300 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பருக்கு முன் அவ்வீட்டார் நிலைக்கட்டணத்தையும் சேர்த்து 530 ரூபாய் செலுத்தினர். அம்மாதம் கட்டணம் மாறியபோது அது 675 ரூபாய் ஆயிற்று. 2024 ஜூலையில் 705 ரூபாய் ஆயிற்று.

இப்போது அந்த வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் நிலக்கரிப் பங்கில் எழும் வாயுவையெல்லாம் பிடித்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் சொல்லப்பட்ட மலிவான விலையையே கொள்வோம். 30 டாலர் என்பது 2016ஆம் ஆண்டு மதிப்பில் ஏறத்தாழ 2,000 ரூபாய். டன்னுக்கு 2,000 என்றால் கிலோவுக்கு 2 ரூபாய். ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரத்தில் 0.9 கிலோ வாயு எழுவதால், யூனிட்டுக்கு 1 ரூபாய் 80 பைசா கூடுகிறது. 300 யூனிட்டில் முக்கால் பங்கான 225 யூனிட் நிலக்கரியிலிருந்து வந்ததென்றால், கூடுதல் செலவு 405 ரூபாய். 705 ரூபாய் 1,110 ரூபாய் ஆகிவிடும். குழாய் போட்டுக் கொண்டுபோய்ப் புதைக்கும் செலவு இதில் சேரவில்லை.

இது எங்கள் பள்ளிக் கணக்குதான். அரசு இவ்வாறு செய்யப்போவதாக நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 405 ரூபாய் என்பது எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு எவ்வளவு பெரிய தொகை என்பதை நாங்கள் அறிவோம். ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். மின்கட்டணமும் இரு மாதத்திற்கு ஒன்று. தடைக்காலமும் இரு மாதம். வருமானம் நின்றிருக்கும் அக்காலத்திலும் மின்கட்டணம் தவறாமல் வந்து சேர்கிறது. கேஸ் விலை ஏறினால் கதம்பையும் சிரட்டையும் ஓலையும் எரிக்கத் திரும்புகிறார்கள் நம் தாய்மார்கள். அப்போது வானத்துப் புகைக்குப் பதில் அடுக்களைப் புகை அவர்கள் நெஞ்சில் சேர்கிறது. ஆகவே எரிசக்தியின் விலை பணத்தைப் பற்றியது மட்டுமன்று. உடல் நலத்தையும் பற்றியது.

பிற நாடுகளின் அனுபவம்

கனடாவில் பவுண்டரி டேம் என்னும் அனல்மின் நிலையத்தின் ஓர் அலகில் 2014 அக்டோபரில் இவ்வமைப்பு இயங்கத் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ 150 கோடி கனடா டாலர் செலவாயிற்று. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் பெட்ரா நோவா அமைப்பு 2017இல் தொடங்கி, பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணறுகளில் செலுத்தி எண்ணெய் எடுக்க உதவியது. 2020இல் எண்ணெய் விலை வீழ்ந்ததும் அது நிறுத்தப்பட்டு 2023இல்தான் மீண்டும் இயங்கியது. பிடித்த வாயுவுக்குச் சந்தை இல்லாவிடில் பிடிப்பதும் நின்றுவிடும் என்பதற்கு இது உதாரணம்.

நம் கேள்விக்கு மிக நெருங்கிய செய்தி இங்கிலாந்திலிருந்து வருகிறது. 2024 அக்டோபரில் அந்நாட்டு அரசு இப்பணிக்கு 25 ஆண்டுகளில் 2,170 கோடி பவுண்டு வரை ஒதுக்குவதாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு மக்களின் எரிசக்திக் கட்டணத்தின் மூலமே திரட்டப்படும் என்பதைச் சுட்டிக்காட்டி, குடும்பங்களின் மேல் விழும் சுமையைக் குறித்துக் கவலை தெரிவித்தது. செல்வ நாட்டிலேயே இக்கேள்வி எழுந்திருக்கிறது என்றால் நம் நாட்டில் எழாமலிருக்குமா?

நம் அரசின் கொள்கை

2070ஆம் ஆண்டுக்குள் வெளியிடும் வாயுவும் ஈர்க்கும் வாயுவும் சமமாக வேண்டும் என்பதை இந்தியா தன் இலக்காக 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. 2022 நவம்பரில் நிதி ஆயோக், கரியமிலவாயுவைப் பிடித்துப் பயன்படுத்துவது பற்றியும் புதைப்பது பற்றியும் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் தேசிய அனல்மின் கழகம் நாளொன்றுக்கு 20 டன் பிடிக்கும் சோதனை ஆலையை நிறுவியது. 2026 பிப்ரவரி 1இல் தாக்கலான மத்திய வரவு செலவுத் திட்டத்தில் மின்சாரம், எஃகு, சிமெண்டு, எண்ணெய் சுத்திகரிப்பு, ரசாயனம் ஆகிய ஐந்து தொழில்களில் இதனை வளர்க்க ஐந்தாண்டுகளுக்கு 20,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது.

இவ்வைந்தையும் நாம் ஒரே தட்டில் வைத்து எடைபோடலாகாது. சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுட வேண்டும். வெயிலால் கிடைத்த மின்சாரத்தைக் கொண்டு சுட்டாலும் கல்லிலிருந்தே கரியமிலவாயு வெளிவரும். அதைப் பிடிப்பதைத் தவிர அங்கு வேறு வழி அரிது. மின்சாரமோ அப்படியன்று. புகையே எழாத வழிகள் அதற்கு உண்டு. சேற்றை மிதித்துவிட்டுக் காலைக் கழுவுவதினும், மிதியாமல் விலகிப் போவதல்லவா நல்லது?

பணத்தைப் பற்றியும் ஒரு பழைய பாடம் உண்டு. 2010இல் மத்திய அரசு நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் தீர்வை விதித்தது. தூய எரிசக்தியை வளர்ப்பதற்கென்றே அது தொடங்கப்பட்டது. 2016இல் அது 400 ரூபாய் ஆயிற்று. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறக்குறைய 0.7 கிலோ நிலக்கரி எரிகிறது என்று கொண்டால், யூனிட்டுக்கு 28 பைசா அந்தத் தீர்வை. அனல்மின் நிலையம் கட்டிய தீர்வை உற்பத்திச் செலவில் சேரும். உற்பத்திச் செலவு முடிவில் நாம் வாங்கும் மின்சாரத்தின் விலையில் சேரும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின் அத்தொகை மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுப்பதற்காகத் திருப்பப்பட்டது. 2025 செப்டம்பரில் அத்தீர்வை நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜி.எஸ்.டி. 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஒரு நல்ல காரியத்தின் பெயரால் திரட்டிய பணம் அதே காரியத்துக்குச் செல்கிறதா என்று கேட்பது குடிமக்களின் கடமை என்பதை இதனால் அறிகிறோம்.

நம் மாவட்டத்தின் காற்றும் நீரும்

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து சீறிப் பாய்வதை நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் சென்றவர்கள் அறிவர். அங்கு முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகள் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்றாகும். மேலே கோதையாற்றில் 60 மெகாவாட், 40 மெகாவாட் திறனுள்ள இரு நீர்மின் நிலையங்கள் உள்ளன. அந்த ஆற்று நீரில் வயலுக்குப் போனது போக எஞ்சியது, குழித்துறை வழியாக வந்து நம் பொழியில் கடலோடு கலக்கிறது. இம்மின்சாரத்தை உண்டாக்க எதையும் எரிப்பதில்லை. ஆதலால் பிடிக்க வேண்டிய புகையும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் படகுகள் கரையில் கிடக்கும் அதே ஜூன், ஜூலை மாதங்களில்தான் கணவாய்க் காற்று மிக வலுவாக வீசுகிறது. அக்காலத்தில் கிடைக்கும் மலிவான மின்சாரத்தைச் சேமித்து வைக்கவும், அதன் பயன் சிறு வீடுகளுக்குச் சேரவும் வழி செய்தால், தடைக்காலத்துச் சுமை குறையும் அன்றோ!

வெயிலைப் பயன்படுத்தவும் திட்டம் உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட், அதாவது இரு மாதத்தில் 240 யூனிட் தரும். ஆனால் மானியம் போக மீதிப் பணம் கையில் வேண்டும்; உறுதியான கூரையும் வேண்டும். ஓட்டு வீட்டிலும் வாடகை வீட்டிலும் இருப்போர் என்ன செய்வர்? பள்ளி, கோயில், மசூதி, நூலகம் போன்ற பொதுக் கட்டிடங்களின் மேல் தகடு வைத்து, அம்மின்சாரத்தை அவர்களுக்குப் பங்கிட வழி காண வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

நம் வீட்டில் நாம்

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். நாம் செய்யக்கூடியதும் உண்டு. 60 வாட் குண்டு பல்பு ஒன்று தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரு மாதத்தில் 18 யூனிட். அதற்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு என்றால் மூன்று யூனிட்டுக்கும் குறைவு. 75 வாட் பழைய மின்விசிறி தினம் 12 மணி நேரம் சுழன்றால் 54 யூனிட். 30 வாட்டில் சுழலும் புதுவகை விசிறிக்கு ஏறத்தாழ 22 யூனிட். இவ்விரண்டிலும் மட்டுமே 47 யூனிட் மிச்சம். 33 கிலோ கரியமிலவாயுவும் குறைகிறது. இங்கே வாயுவைப் பிடிக்கச் செலவில்லை, கட்டணமும் இறங்குகிறது. அரிசியையும் பருப்பையும் ஊறவைத்துச் சமைத்தாலும், பாத்திரத்தை மூடிச் சமைத்தாலும் சிலிண்டர் சில நாள் கூடுதலாக வரும்.

முடிவுரை

2017 நவம்பர் 30இல் வீசிய ஒக்கிப் புயலை நம் கடற்கரை ஊர்கள் மறக்கவில்லை. எந்த ஒரு புயலுக்கும் இதுதான் காரணம் என்று விரல் நீட்ட இயலாது. எனினும் கடல்நீர் சூடேறினால் புயல்களின் வலிமை மிகும் என்று அறிவியலார் எச்சரிக்கின்றனர். உலகம் சூடேறுவதால் முதலில் துன்புறுபவர் கடலோரத்து எளியவரே. அதைத் தடுக்கும் செலவையும் அவர்கள் தலையிலேயே ஏற்றுவது நீதியாகுமா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா, உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், பூமியின் துயரத்தையும் ஏழைகளின் துயரத்தையும் பிரித்துப் பார்க்கலாகாது என்று கற்பித்ததன் பொருளும் இதுவே.

ஆகவே நாங்கள் கண்ட விடை இதுதான். கரியமிலவாயுவைப் பிடிக்கும் கலை நல்ல கலை. சிமெண்டு, சோடா, உரம் போன்ற தொழில்களில் அதனை வளர்ப்போம். அதன் செலவை அத்தொழில்களும், அவற்றால் பெரும்பயன் அடைவோரும், அரசும் ஏற்கட்டும். மின்சாரத்திற்கோ, புகை எழாத வழியை முதலில் தேடுவோம். நூறு, இருநூறு யூனிட்டில் வாழும் வீட்டின் கட்டணத்தில் இச்சுமையைச் சேர்க்காதிருப்போம்.

தோழியரே! அடுத்த முறை வீட்டுக்கு மின்கட்டணம் வரும்போது, அதிலுள்ள யூனிட்டை 0.7ஆல் பெருக்கிப் பாருங்கள். கிடைப்பது நம் வீட்டுப் புகையின் எடை. அதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். அணைக்க வேண்டிய விளக்கு எது, கேட்க வேண்டிய கேள்வி எது என்று அவர்களோடு சேர்ந்து சிந்தியுங்கள். நாளை வாக்களிக்கப் போகிறவர்கள் நாம். இன்றே கணக்குப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, தேங்காய்ப்பட்டணம்